மூச்சை இழுத்தால் ஓம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிண்டிய மண் போல இருக்கும். ல, ள, ழ மூன்றும் எனக்கு எப்போதும் இடம் மாறித்தான் நிற்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கள் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலருக்கு விடுமுறை அனுபவம் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். மூன்று மலருக்கு முன்னாலேயே கேட்டார்கள், இப்போதுதான் எழுதுகிறேன். தட்டச்சுச் செய்பவர் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். ஆட்கள் பேசியதை மட்டும் பேசியபடியே விட்டுவிடவும்.

மற்றவர்கள் கிரீஸ், துருக்கி என்று எழுதுவார்கள். நாங்கள் இங்கிலாந்தில் ஆற்றில் படகில் போனோம். ஆறு அழகாக இருந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் வருமோ தெரியாது.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில் வக்த்மெஸ்டர். கதவு திறப்பது, பனி அள்ளுவது, எரியாத விளக்கை மாற்றுவது, பிள்ளைகள் உடைத்ததைப் பொருத்துவது என் வேலை. மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அந்த வருடம் எங்கள் ஒரே மகள் படிக்கத் துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குப் போய்விட்டாள். ஒஸ்லோவில் எங்கள் ரொம்சோஸ் வீட்டில் மூன்று பேர் சாப்பிட்ட மேசையில் இரண்டு பேர் மிஞ்சினோம். அந்த இரண்டு பேரில் ஒருவன் நான், அதாவது கதைக்காத ஆள்.

ஒஸ்லோத் தமிழர்கள் வீடு விற்று லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நோர்வேக் கடவுச்சீட்டு இருந்தால் அங்கே போய் இருக்கலாம், வேலை செய்யலாம். ஆனால் பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுகிறது, கதவைச் சாத்தப் போகிறார்கள், போகிறவர்கள் இப்போதே போக வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மனைவியோடு ஒன்றாகக் கோயிலுக்குப் போய்வந்த இரண்டு பெண்கள் அந்த வருடம் போனார்கள். பிரியாவிடைக்கு அவள் வடை சுட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவ நெடுநேரம் எடுத்தாள்.

அவளுடைய தமையன் லண்டனில் கடை வைத்திருக்கிறார். கோடைக்கு முன்னால் ஒருநாள் போன் எடுத்தார்.

“மச்சான், ஒரு கிழமை போட் எடுத்திருக்கிறன். தேம்ஸ் ஆத்திலை. சமைச்சுச் சாப்பிட்டு, படுத்தெழும்பி, ஆடி அசைஞ்சு போறம். நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. வந்து நிண்டாப் போதும்.”

ஒரு வாரம் போட் என்றதும் எனக்கு ஒஸ்லோவிலிருந்து டென்மார்க்குப் போகும் கப்பல்தான் ஞாபகத்துக்கு வந்தது. மாடி மாடியாக இருக்கும். ஆள் தொல்லை கூடினால் மேல் தட்டுக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அந்த நம்பிக்கையில் ஓம் என்றேன்.

போய்ப் பார்த்தால் அது ஒரு குழாய். நீளம் பஸ்ஸைவிடக் கூட. அகலமோ, உள்ளே நின்று இரண்டு கையையும் விரித்தால் சுவர்கள் விரலில் முட்டுவதுபோல இருந்தது. முன்னுக்குக் கதிரையும் மேசையும், நடுவில் அடுப்பு, அதற்குப் பின்னால் கழிப்பறை, கடைசியில் படுக்கை. ஒருவர் கழிப்பறைக்குப் போனால் அடுப்படியில் நிற்பவர் வயிற்றை எக்கிச் சுவரோடு ஒட்ட வேண்டும். மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. அவர் புட்டுப் பானை, இடியப்ப உரல், கருவாடு எல்லாம் ஏற்றியிருந்தார். முதல் நாள் புட்டு அவித்தபோது யன்னல்கள் எல்லாம் வேர்த்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. கருவாடு பொரித்தபோது பக்கத்தில் கட்டியிருந்த படகுக்காரர் தன் யன்னலைச் சாத்தினார்.

படகு கிளம்பியது. வேகம் என்று சொல்ல முடியாது. கரையில் நாயோடு நடந்துபோன ஒரு கிழவி எங்களைக் கடந்து போனார். நாய் திரும்பி எங்களைப் பார்த்தது.

பின் நுனியில் இரண்டு பேர் நிற்க மட்டும் இடம். அங்கேதான் சுக்கான் தடி. அதை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். மச்சான் தடியைப் பிடித்தார். பக்கத்தில் என்னை நிற்க வைத்தார்.

“பொம்பிளையள் உள்ளை இருக்கட்டும். நீர் இஞ்சை நில்லும்.”

நின்றேன். காலை சாப்பிட்டதிலிருந்து பின்னேரம் கரையில் கட்டும்வரை நின்றேன். முன்னுக்கு அவருடைய தோள், பின்னுக்குத் தண்ணீர். மச்சான் கதைத்தார். அவருடைய வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு வீடு வருகிறது. வீட்டுக்காரர் அவருடைய சிநேகிதர், வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கிறார். நாங்கள் ரொம்சோஸ் வீட்டை விற்றுவிட்டு வர வேண்டும். கடையில் அவருக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. நான் விடியத் திறந்து இரவு பூட்ட வேண்டும், நடுவில் இருவரும் சேர்ந்து நிற்கலாம். கோயில் நடக்கிற தூரம். மரக்கறி, மீன், பலகாரம் எல்லாம் நடக்கிற தூரம்.

“அங்கை என்ன கிடக்கு மச்சான்? பனி கிடக்கு, நீர் கிடக்கிறீர். கதவு பூட்ட முதல் வந்திட வேணும். யோசிச்சுப் பாரும்.”

நான் மூச்சை இழுத்தேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒஸ்லோவுக்கு வர முதல் நான் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்தவன். அங்கே ஆட்கள் ‘யா’, அதாவது ‘ஆம்’ என்பதை வெளியே விடுவதில்லை. வாயைத் திறக்கப் பஞ்சிப்பட்டவர்கள்போல, காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்வார்கள். உஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்கு ஓம் என்றும் அர்த்தம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் அர்த்தம், சரி உன் கதையை முடி என்றும் அர்த்தம். நாங்கள் உம் கொட்டுவதில்லையா, அது போல. அதிகம் பேசப் பிடிக்காத எனக்கு அது நன்றாக ஒட்டிக்கொண்டது. தமிழில் பேசும்போதும் என்னை அறியாமல் வரும்.

இரண்டாம் நாள் மச்சான் தடியைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“மச்சான், உமக்கு முட்டு வருத்தம் இருக்கோ?”

“ஆஸ்மாவோ? இல்லையே.”

“பின்னை என்ன, ஒவ்வொரு கதைக்கும் முட்டு வந்த கிழவன் மாதிரி இழுக்கிறீர்? பம்ப் கிம்ப் கொண்டந்தனீரோ?”

நான் சிரித்தேன். அவர் குனிந்து உள்ளே சத்தம் போட்டார். “இஞ்சேரப்பா, மச்சானுக்கு இழுக்குது. கொத்தமல்லி அவிச்சுக் குடும்!”

அக்கா கொத்தமல்லித் தண்ணீரும் நெஞ்சுக்குப் பூசத் தைலமும் கொண்டுவந்து தந்தார். இல்லை என்று விளக்குவதைவிடக் குடிப்பது சுலபமாக இருந்தது. தைலமும் பூசிக்கொண்டேன்.

லொக் வரும்போது மட்டும் எனக்கு ஆறுதல். லொக் என்பது ஆற்றின் மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் நடுவில் கட்டிய தொட்டி. படகை உள்ளே விட்டு இரண்டு பக்கக் கதவையும் சாத்தி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ விடுவார்கள். பின் கயிற்றை மச்சான் பிடிக்க வேண்டும், முன் கயிற்றை நான். இருவருக்கும் நடுவில் முழுப் படகு. இரண்டு பக்கமும் பாசி பிடித்த ஈரச் சுவர், முன்னும் பின்னும் கதவு. அதற்குள் நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டு நான் நிம்மதியாக இருந்தேன். கதவு திறக்க வேண்டாம் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு புல்வெளிப் பக்கமாகப் படகைக் கட்டிச் சாப்பிட்டோம். பசுக்கள் யன்னல்வரை வந்து நின்றன. மேசையில் நாலு பேரும் முழங்கால் முட்ட இருந்தோம். மச்சான் திரும்பவும் அந்த வீட்டுக் கதையை எடுத்தார். நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்தேன்.

“பார், இப்பவும் இழுக்கிறார். பிள்ளை, இவரை டொக்டரிட்டைக் காட்டினனியோ?”

மனைவி பருப்புக் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள்.

“அது வருத்தமில்லை அண்ணை. நோர்வேயிலை அப்பிடித்தான் ஓம் எண்டு சொல்லுறது.”

“என்ன?”

“மூச்சை உள்ளை இழுத்தா ஓம்.”

மச்சானின் கையில் இருந்த அப்பளம் நொறுங்கியது. “அப்ப இந்த மனிசன் மூண்டு நாளா எனக்கு ஓம், ஓம் எண்டு சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்! நான் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறன்!” என்று எழும்பினார். எழும்ப இடமில்லை, தலை கூரையில் இடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் என் முதுகில் அடித்தார். “மச்சான்! வாயாலை சொல்லியிருக்கலாமே!”

அக்கா, “கடவுளே, நல்ல செய்தி,” என்று கேசரிக்கு ரவை வறுக்கத் தொடங்கினார். மச்சான் போனை எடுத்துக்கொண்டு சிக்னல் தேடிப் படகின் கூரைமேல் ஏறினார். வீட்டுக்காரச் சிநேகிதரோடு அவர் பேசியது உள்ளே கேட்டது. “ஓம், ஓம், வருகினம். முடிவாச்சு.” மனைவியின் கண் நிறைந்திருந்தது. அவள் அப்படி முகம் மலர்ந்து இருந்து எத்தனையோ நாள். நான் வாயைத் திறந்தேன். அக்கா வாய்க்குள் ஒரு முந்திரிகையை வைத்தார்.

அடுத்த நாள் படகைத் திருப்பி, வந்த வழியே இறங்கத் தொடங்கினோம். மச்சானின் கதை இப்போது வேறு மாதிரி இருந்தது. முன்னர் “வந்தால்” என்றார், இப்போது “வந்தாப் பிறகு”. வந்தாப் பிறகு விடிய ஐந்துக்குச் சந்தைக்குப் போவோம். வந்தாப் பிறகு கடைக்குப் பின்னால் ஒரு அறை போடுவோம். நான் மூச்சை வெளியே மட்டும் விடப் பழகினேன். உள்ளே இழுக்கும்போது மூக்கால் சத்தமில்லாமல் இழுத்தேன். மூச்சு விடவே பயந்து ஒரு முழு நாள் அந்தத் தடிக்குப் பக்கத்தில் நின்றேன். மச்சான் என்னை வெருட்டவில்லை. அன்பாகத்தான் கதைத்தார். அதனால்தான் வழி தெரியவில்லை.

அதற்கு மறுநாள் ஒரு லொக்கில், கால் மரத்துவிட்டது, அடுத்த லொக் வரைக்கும் நடந்து வருகிறேன் என்று சொல்லிக் கரையில் இறங்கினேன். மனைவியும் இறங்கினாள். நாங்கள் நடந்தோம். படகும் பக்கத்திலேயே வந்தது. நாங்கள் வேகமாக நடந்தால் பின்னால் நின்றது, மெதுவாக நடந்தால் கூடவே வந்தது. மச்சான் தண்ணீரிலிருந்து கத்தினார். “என்ன, புது மாப்பிள்ளை பொம்பிளை மாதிரி நடக்கிறியள்! கையைப் பிடிச்சு நடவுங்கோவன்!”

மனைவி சிரித்துக் கை காட்டினாள். பிறகு என்னிடம், “இஞ்சேருங்கோ, அந்த வீட்டுக்குப் பின்பக்கம் நல்ல வெய்யில் விழுமாம். கறிவேப்பிலை தொட்டியிலை வைக்கலாமாம்,” என்றாள்.

“இஞ்சேரும்.”

“ம்?”

“நான் ஓம் எண்டு சொல்லேல்லை.”

அவள் நடையை நிறுத்தவில்லை. “தெரியும்,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. “தெரிஞ்சுகொண்டோ அண்ணைக்கு அப்பிடிச் சொன்னனீர்?”

“நான் பொய் சொல்லேல்லையே. அந்த இழுவைக்கு அதுதானே அர்த்தம்.” வழியில் கிடந்த ஒரு சுள்ளியைக் காலால் ஒதுக்கினாள். “இல்லை எண்டால் எழும்பிச் சொல்லுவியள் எண்டு பாத்தனான். அண்டைக்குச் சொல்லேல்லை. நேற்றுப் பாத்தனான், சொல்லேல்லை. சரி, உண்மையிலேயே ஓம்தானாக்கும் எண்டு ஆசையும் பட்டிட்டன்.”

படகின் இயந்திரச் சத்தம் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நீங்கள் வேலைக்குப் போனா நான் சுவரோடை கதைக்கிறன்,” என்றாள். “நீங்கள் வந்தாப் பிறகும் சுவரோடைதான் கதைக்கிறன். அங்கை எண்டால் அண்ணை இருக்கிறார், மச்சாள் இருக்கிறா. சண்டை பிடிக்கவாவது ஆக்கள் இருக்கினம்.”

அது உண்மை. நான் மறுக்கவில்லை. பிறகு என் பக்கத்தைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று முழுதாக ஞாபகமில்லை. விடியற்காலையில் ஒருவரும் வர முதல் பள்ளிக்கூடத்தைத் திறக்கிறேன், அந்த நேரம் எனக்கு வேண்டும் என்றேன். நோர்வேஜிய மொழியை இருபத்தைந்து வருடமாக உடைத்து உடைத்து இப்போதுதான் ஒரு மாதிரிப் பேசுகிறேன், இங்கிலீஷில் இன்னொரு தடவை ஊமையாக இருக்க எனக்குத் தெம்பில்லை என்றேன். பிறகு படகைக் காட்டினேன். “அந்தக் கடையும் இதுதான். அண்ணை கதைப்பார், நான் பக்கத்திலை நிப்பன். ஒரு கிழமை இல்லை, சாகும் மட்டும்.”

அவள் படகைப் பார்த்தாள். தமையன் தடியில் சாய்ந்துகொண்டு தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தார்.

“அப்ப அண்ணையிட்டைச் சொல்லுங்கோ,” என்றாள். “நீங்களே சொல்லுங்கோ. உங்கடை ‘இல்லை’யை நான் தூக்கிக்கொண்டு திரிய மாட்டன்.”

அடுத்த லொக்கில் ஏறினோம். அவள் முகம் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னுக்குப் போய் மச்சானின் பக்கத்தில் நின்றேன். லொக் கதவு திறந்து படகு வெளியே வந்தது.

“மச்சான், நான் வரேல்லை.”

“என்ன?” இயந்திரச் சத்தம்.

“நான் வரேல்லை.”

“எங்கை?”

“லண்டனுக்கு.”

“இப்பவும் அந்தப் பக்கம்தானே போறம்?”

“இருக்க வரேல்லை!” என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியது குறைவு. கரையில் தூண்டில் போட்டிருந்தவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

மச்சான் இயந்திரத்தைத் தணித்தார். “நீர்தானே ஓம் எண்டனீர்?”

“ஓம் எண்டு சொல்லேல்லை. கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

“மூண்டு நாளா?”

“ஓம்.”

“இந்த ஓம் எந்த ஓம்?”

அவர் குனிந்து உள்ளே கூப்பிட்டார். “பிள்ளை! இஞ்சை வா! உன்ரை மனிசன் என்னவோ சொல்லுறார்!”

அவள் மேலே வரவில்லை. படிக்குக் கீழே நின்று, வெங்காயம் உரித்த கையோடு, தமையனை நிமிர்ந்து பார்த்தாள். “அவர் சொல்லுறதைக் கேளுங்கோ அண்ணை,” என்றாள். அவ்வளவுதான். அவள் விரும்பியது வேறு என்பது எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

மச்சான் முன்னால் திரும்பி இயந்திரத்தை முழுதாக முடுக்கினார். படகு குலுங்கிக்கொண்டு கொஞ்சம் விரைவாகப் போனது. எழும்பிய அலையில் கரையில் கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று இடித்தன. ஒரு படகிலிருந்து தாடிக்காரர் ஒருவர் தேநீர்க் கோப்பையோடு வெளியே வந்து, மெதுவாகப் போ என்று கையைக் கீழே அமத்திக் காட்டினார். மச்சான், “சொறி, சொறி,” என்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பவும் வேகத்தைக் குறைத்தார். அந்த ஆற்றில் கோபமாக ஓடிப்போகவும் முடியாது.

அதன் பிறகு கடைசி நாள் வரைக்கும் அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்காத மச்சானுக்குப் பக்கத்தில் நிற்பது கதைக்கிற மச்சானுக்குப் பக்கத்தில் நிற்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முன்னுக்குப் போனால் மனைவி, நடுவில் அக்கா. அக்கா மட்டும் சாப்பாட்டைப் பற்றிக் கதைத்தார். “இன்னும் கொஞ்சம் போடட்டோ? குழம்பு உறைப்போ?” நாங்கள் மூவரும் அக்காவுக்கு மட்டும் பதில் சொன்னோம். அன்னங்கள் யன்னலில் கொத்தின. மழை பெய்தது. எல்லாரும் உள்ளே இருந்து, முழங்கால் முட்டாமல் இருக்கக் காலைப் பக்கவாட்டில் மடக்கிக்கொண்டோம்.

படகை ஒப்படைத்த இடத்தில் மச்சான் எங்கள் பெட்டியைத் தானே தூக்கிக் காரில் வைத்தார். விமான நிலையத்தில் தங்கையைக் கட்டிப்பிடித்தார். என் கையைப் பிடித்து, “நல்லது மச்சான்,” என்றார். வீட்டுக்காரச் சிநேகிதருக்கு என்ன சொன்னாரோ தெரியாது.

சொன்னபடி கதவு சாத்தப்பட்டது. அன்று அது நோர்வேச் செய்தியிலும் வந்தது. மனைவி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள், நிறுத்தவில்லை. மடித்த துவாய்களை அலுமாரியில் வைத்துவிட்டு வந்து, “தேத்தண்ணி போடட்டோ?” என்று கேட்டாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நான் நினைத்ததுண்டு.

இப்போது அவள் ஒவ்வொரு கோடைக்கும் தனியாக லண்டனுக்குப் போகிறாள். என்னையும் கேட்பாள். பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்போதுதான் பெயின்ற் அடிக்கிற வேலை, நிலம் மினுக்குகிற வேலை எல்லாம் வரும் என்பேன். அதுவும் பொய்யில்லை. முதலில் சில நாள்தான் நின்றாள், பிறகு ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. அங்கே இருந்து போன் எடுக்கும்போது பின்னால் ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். அவளும் எதற்கோ பாதியில் சிரித்துவிட்டு, “உங்களுக்கில்லை, இஞ்சை மச்சாள் ஒரு கதை சொல்லுறா,” என்பாள். மச்சானும் இரண்டு வார்த்தை கதைப்பார். என்னோடு கோபமில்லை என்கிறார்.

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. எல்லா வகுப்பறையையும் பார்த்துப் பூட்டிவிட்டு நேற்று நான் வீட்டுக்கு வந்ததும் அவள் லண்டனிலிருந்து போன் எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, வேலையிலை கேட்டனான், ஓம் எண்டிட்டினம். இன்னும் ஒரு கிழமை நிக்கட்டோ? நீங்கள் சொல்லுங்கோ.”

வாரும் என்று சொல்லத்தான் வந்தது. அவளுக்குப் பின்னால் யாரோ புட்டுக்குத் தேங்காய் போதாது என்று கத்தினார்கள்.

“நில்லும்,” என்றேன்.

ரொம்சோஸ், ஒஸ்லோ
ஓகஸ்ட் மாதம் 17ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை